மணமகன் பணியில் இருந்த நாள்

படைவீரர் குடும்ப நல மண்டல அலுவலகம் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இயங்கியது. கைம்பெண்களும், கால் இழந்தவர்களும், எண்பது வயதைக் கடந்தவர்களும் மட்டுமே வந்துபோகும் ஓர் அலுவலகத்தை நாற்பத்திரண்டு படிகளுக்கு மேலே கொண்டுபோய் வைக்கத் துணிந்தவர் யார் என்பது அங்கிருந்த எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. மற்ற அனைத்தும் பதிவாகியிருந்தன.

செவ்வந்தி அந்தப் படிகளில் ஏழாம் முறையாக ஏறினாள். ரிஷிவந்தியத்தை அடுத்த தன் ஊரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, தியாகதுருகத்தில் இறங்கி மாறி, பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். கையில் துணிப்பை, பையினுள் நெகிழி உறையில் ஒரு கடிதம். அவளுடைய கணவர் சின்னராசு இராணுவத்தில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஊருக்குத் திரும்பியபின் அரிசி ஆலை ஒன்றில் காவலராக இருந்தார். சென்ற ஆண்டு பங்குனியில், ஆலை வாயிலில் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது. அதுமுதல் அவருடைய மனைவி என்று தன் பெயரைப் பதிவுசெய்யக் கோரி அவள் இந்த அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அந்தப் பதிவு இல்லாமல் குடும்ப ஓய்வூதியம் இல்லை; மருத்துவ அட்டை இல்லை; படைவீரரின் கைம்பெண் என்னும் அடையாள அட்டையும் இல்லை.

மேசைக்குப் பின்னால் வெங்கடேசன் அமர்ந்திருந்தார். அவரும் முன்னாள் படைவீரர்தாம். பனிமலைகளில் சரக்குந்து ஓட்டியவர். இப்போது கோப்புகளை நகர்த்துகிறார்.

"உக்காருங்கம்மா. லெட்டரு வந்துச்சா?"

"வந்துச்சுங்க. எட்டாவது வரிக்கும் படிச்சிருக்கேன். மூணு தடவ படிச்சுப் பாத்தேன். நான் அவுரு பொண்டாட்டியே இல்லன்னு எழுதியிருக்குதுங்களே?"

எழுதியிருந்தது அதுதான். 'மனுதாரர் குறிப்பிட்டுள்ள 27.1.2002 அன்று படைவீரர் எல்லைப்புறப் பணியில் இருந்தமை ஆவணங்களால் உறுதிப்படுவதால், அந்நாளில் திருமணம் நடைபெற்றிருக்க இயலாத நிலையில், மனுதாரரைப் படைவீரரின் மனைவியாகக் கருத இயலாத நிலை உள்ளது.' இருபத்தோர் ஆண்டுக் குடும்ப வாழ்க்கையை ஒரே வாக்கியத்தில் இல்லையென்று ஆக்கியவர், அதன்கீழ்ப் பச்சை மையில் கையெழுத்தும் இட்டிருந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அன்னிக்கி உங்க வூட்டுக்காரரு எங்க இருந்தாரு?"

"பார்டர்லங்க."

"பார்டர்ல இருந்தாருன்னு நீங்களே சொல்றீங்க. அன்னிக்கிதான் கல்யாணம்னும் சொல்றீங்க."

"ஆமாங்க."

"எப்புடிம்மா?"

"அவுரு இல்லாமத்தான் கல்யாணம் ஆச்சு."

வெங்கடேசன் பேனாவைக் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். தை மாதம் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தக்காலும் நட்டாகிவிட்டது. எல்லையில் படைகள் குவிந்துகொண்டிருந்த ஆண்டு அது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு தந்தி வந்தது: விடுப்பு நிறுத்தப்பட்டது. மாப்பிள்ளையின் தாய் பக்கவாதம் கண்டு கட்டிலில் கிடந்தாள். நட்ட பந்தக்காலைத் தாலி கட்டாமல் பிடுங்கும் வழக்கம் அவர்கள் உறவில் இல்லை. பட்டாளத்துக்கும் கப்பல் வேலைக்கும் போன ஆண்களுக்காக அந்த உறவினர் ஒரு வழி வைத்திருந்தார்கள். மணையில் மாப்பிள்ளையின் வேட்டியையும் சட்டையையும் மடித்து வைத்தார்கள். வழக்கமாக மணமகன் முதல் முடிச்சைப் போட, எஞ்சிய இரண்டையும் அவனுடன் பிறந்தவள் போடுவாள். அன்று மூன்று முடிச்சுகளையும் சின்னராசுவின் அக்காள் மணிமொழியே போட்டாள். செவ்வந்திக்கு அப்போது இருபது வயது. பக்கத்தில் ஆள் இல்லாத மணையில் அமர்ந்து, வந்தவர்கள் எறிந்த அட்சதை முழுவதையும் அவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டாள்.

வெங்கடேசன் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்து பிரித்தார்.

"ரெக்கார்டு ஆபீஸ்லேர்ந்து ஜெராக்ஸ் வந்திருக்குது. இதப் பாருங்க. ரெண்டாயிரத்து ரெண்டு டிசம்பர்ல உங்க வூட்டுக்காரரு கல்யாண ரிப்போர்ட்டு குடுத்திருக்காரு. தேதி தப்பு, சரியான தேதியக் குடுன்னு திருப்பி அனுப்பியிருக்கான். ரெண்டாயிரத்து அஞ்சுல மறுபடி குடுத்திருக்காரு. திருப்பியிருக்கான். பதினொண்ணுலயும் குடுத்திருக்காரு. மூணு தடவையும் அதே தேதி. புடிவாதக்காரரும்மா. லீவுல வந்த நாள்ல ஒண்ண எழுதிட்டுப் போயிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

செவ்வந்தி அந்த நகல்களைப் பார்த்தாள். அவருடைய கையெழுத்துத்தான், எழுத்துகளை அழுத்தி எழுதுவார். ஓய்வூதியப் படிவத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் புகைப்படத்துக்கான கட்டம் இருந்தது. அதில் அவர் மட்டும் நின்றார். இவையெதுவும் அவளுக்குத் தெரியாது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில், ஒரே விளக்கின்கீழ் உண்டு உறங்கிய மனிதர், 'நீ என் மனைவி என்பதை இவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவளை வருத்தப்படுத்தக்கூடாது என்று நினைத்தாரா, என்றைக்காவது ஏற்பார்கள் என்று காத்திருந்தாரா? கேட்பதற்கு இனி ஆள் இல்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல" என்று வெங்கடேசன் குரலைத் தாழ்த்தினார். "அப்பீல் போடுங்க. மாசத்துல ரெண்டாவது வெள்ளிக்கெழம கமிட்டி உக்காருது. அந்த வருசம் நவம்பர்ல அவருக்கு இருவத்தெட்டு நாள் லீவு இருக்குது. அதுல ஒரு தேதியப் போட்டு, கோயில்ல கட்டினாருன்னு சொல்லுங்க. கூடவே பாத்த சாட்சி ஒருத்தரு வேணும். அக்கா உசிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. வெள்ளிமலையில."

"அப்புறம் இன்னா? கூட்டிக்கினு வாங்க."

செவ்வந்தி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். அக்காளும் அவளும் பேசிக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

குழந்தை இல்லாததுதான் அதற்குக் காரணம். தம்பிக்கு இரண்டாம் தாரம் பார்க்க வேண்டும் என்று மணிமொழி ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். சின்னராசு பேசாமல் இருந்தார். அந்த மௌனம் அவளுக்குச் சினமூட்டியது. தெருவே கேட்கும்படி வாசலில் நின்று, "என் தம்பியா உனுக்குத் தாலி கட்டினான்? கட்டினவ நான். நானே அவுத்துக்கினு போறேன், இன்னா பண்ணுவ?" என்றாள். அப்போதுதான் சின்னராசு எழுந்தார். அக்காளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். அதன்பிறகு மணிமொழி அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு முறை வந்தாள், அவருடைய பிணத்தைப் பார்க்க. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு, தண்ணீரும் குடிக்காமல் திரும்பிவிட்டாள்.

மறுவாரம் செவ்வந்தி மலைக்குப் போனாள். கச்சிராயபாளையத்தைக் கடந்து பேருந்து வளைந்து வளைந்து ஏற, சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் கீழே சிறுத்துக்கொண்டே போயின. பக்கத்தில் இருந்த பெண் மடியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையை வைத்துக்கொண்டு உறங்கினாள். செவ்வந்தி மனத்துக்குள் சொற்களை அடுக்கினாள். ஒவ்வொரு வளைவிலும் அவை கலைந்தன.

வெள்ளிமலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் மணிமொழி சமையல் வேலை பார்த்தாள். கணவர் இறந்துவிட்டார், மகன் திருப்பூரோடு போய்விட்டான். பள்ளிக்குப் பின்புறம் ஒற்றை அறை வீடு. வாசலில் அமர்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள், நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"ஆரு? ஓ, நீயா. வழி தெரிஞ்சிதா?"

"கேட்டுக்கினு வந்தேன் அண்ணி."

"ஒம்போது வருசமா கேக்கலியே."

செவ்வந்தி நின்றுகொண்டே கடிதத்தை எடுத்தாள். மணிமொழிக்குப் படிக்கத் தெரியாது. செவ்வந்தியே அதை வாசித்து, பொருளும் சொன்னாள். மணிமொழி முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"கவுருமெண்டே சொல்லிட்டானா? நான் சொன்னப்ப மட்டும் கதவச் சாத்துனீங்க."

"நீங்க சொன்னத்தான் ரெண்டாவது வெள்ளிக்கெழம அங்க வந்து சொல்லணும்."

"நான் இன்னா சொன்னேன்?"

"கட்டினவ நான்தான்னு."

முறம் நின்றது. உமி மட்டும் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அன்று தெரு முழுவதும் கேட்கச் சொன்ன சொல்லை இன்று யாருமற்ற வாசலில் கேட்பது மணிமொழிக்கு எப்படி இருந்ததோ, அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சோறு துன்னியா?"

"இல்ல அண்ணி."

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. தட்டை வைத்துவிட்டு மணிமொழி மறுபடி முறத்தின் முன் அமர்ந்தாள். ஒருத்தி உண்டாள், ஒருத்தி புடைத்தாள். தம்பியைப் பற்றியோ, அவருடைய சாவைப் பற்றியோ இருவரும் பேசவில்லை.

"வெள்ளிக்கெழமையில லீவு வுடமாட்டான்" என்றாள் மணிமொழி கடைசியில். "நூத்தி இருவது புள்ளைங்க. ஆரு ஆக்கிப் போடுவா?"

"சரி அண்ணி."

"இன்னா சரி? நாலு மணிக்குக் கடைசி வண்டி. பொறப்படு."

வருவாளா, மாட்டாளா என்று தெரியாமலேயே செவ்வந்தி மலை இறங்கினாள். மேல்முறையீட்டு மனுவில் தேதி எழுத வேண்டிய இடத்தில், கணவர் எழுதியதையே எழுதினாள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, அலுவலகத்தின் இரண்டாம் மாடி நடைவழியில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். நாற்காலிகள் நான்கு. செவ்வந்தி சுவரோரம் தரையில் அமர்ந்திருந்தாள். பத்தரை மணிக்குப் படிக்கட்டில் பெருமூச்சு ஒன்று முதலில் வந்தது. பின்னால் மணிமொழி வந்தாள்.

"அடியாத்தீ! இன்னாடி, படி இத்தினி? எங்க மலையே தேவல. அங்கயாவது பஸ்ஸு ஏறும்."

காத்திருந்தவர்களில் ஊன்றுகோல் வைத்திருந்த கிழவர் ஒருவர் சிரித்தார். செவ்வந்தி எழுந்து நின்றாள். தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். மணிமொழி வாங்கிக் குடித்தாள்.

வெங்கடேசன் வந்து மணிமொழியைத் தனியே அழைத்துப் போனார். நடைவழியின் மறுகோடியில் அவர் விரல்விட்டு ஏதோ சொல்வதும், அவள் தலையசைப்பதும் தெரிந்தன. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஓர் உண்மையைச் சொல்லி ஓராண்டு அலைவதைவிட ஒரு தேதியை மாற்றி ஒரு மணி நேரத்தில் வீடு திரும்புவது மேல் என்பதை, அந்த அலுவலகத்தில் அமர்ந்து அவர் கற்றிருந்தார். நேர்மையாளரையே இப்படி ஆக்கிவிடும் ஓர் ஏற்பாட்டை யார்மீது வழக்காடுவது?

பெயர் கூப்பிட்டார்கள்.

உள்ளே நீண்ட மேசைக்குப் பின்னால் மூவர். நடுவில் இருந்தவர் குழுத் தலைவர் தனசேகரன். ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. நரைத்த மீசை, குரலில் கடுமை இல்லை. சின்னராசுவின் கோப்பை முன்னரே படித்திருந்தார் என்பது, அதில் செருகியிருந்த தாள்துண்டுகளால் தெரிந்தது. மணிமொழியிடம் கேட்டார்.

"உங்க தம்பி கல்யாணத்துல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"எப்ப நடந்தது?"

"நவம்பர்ல சார். லீவுல வந்திருந்தான். எங்க ஊரு மாரியாத்தா கோயில்ல வெச்சி அவனே கட்டினான்."

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். மணிமொழி அவளைப் பார்க்கவில்லை. மேசைமீதிருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, தை மாசம் நடந்ததா இவங்க எழுதியிருக்காங்களே?"

"அது சும்மா பூ வெச்சது சார். பரிசம். படிப்பு கம்மி, இவளுக்குச் சொல்லத் தெரியல."

மூவரின் முகத்திலும் ஓர் இளக்கம் தோன்றியது. சிக்கலான கோப்பு தானாகவே அவிழ்ந்துவிட்ட நிம்மதி அது. வலப்புறம் இருந்தவர் எழுதத் தொடங்கினார். தனசேகரன் செவ்வந்தியின் பக்கம் திரும்பினார்.

"இவங்க சொல்றது சரிதானாம்மா? சரின்னு சொன்னீங்கன்னா இன்னிக்கே உத்தரவு போட்டுடலாம். உங்க பேரு அவரோட ரெக்கார்டுல ஏறிடும்."

ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவள் வாய்வரை வந்தது. நாற்பத்திரண்டு படிகள், எட்டுப் பயணங்கள், மழைநாளில் நனைந்த சான்றிதழ்கள், இரவில் மார்பில் ஏறி உட்காரும் வலிக்கு மருத்துவம் பார்க்க அட்டை இல்லாமை - எல்லாம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

அந்தச் சொல்லுக்கு அப்பால் பத்து மாதங்கள் இருந்தன.

திருமணம் முடிந்த அன்றே அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தாள். வீட்டில் கட்டிலோடு கிடந்த மாமியாரைத் தவிர வேறு யாரும் இல்லை. தை முதல் ஆடி வரை அந்த அம்மாளைத் தூக்கி உட்கார வைத்தாள், துடைத்தாள், கரைத்த சோற்றை ஊட்டினாள். எல்லையிலிருந்து கடிதம் வரும். தாய்க்கு எழுதிய கடிதம். கடைசி வரியில் 'செவ்வந்தியைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று இருக்கும். அவள்தான் அதைத் தாய்க்குப் படித்துக் காட்டுவாள். அந்த வரியை மட்டும் மெல்லப் படிப்பாள். ஆடியில் மாமியார் இறந்தாள். அப்போதும் மகனுக்கு விடுப்பு இல்லை. மருமகளாக நின்று வாய்க்கரிசி போட்டவள் செவ்வந்தி. கார்த்திகையில் சின்னராசு வந்து, வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபோதுதான், தன் கணவரை அவள் முதன்முதலாக அருகில் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள் செவ்வந்தி.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"அவுரு கட்டலீங்க. இவங்கதான் கட்டினாங்க. தை மாசம் பதினாலு. மூணு முடிச்சும் இவங்கதான் போட்டாங்க."

"ஏய்!" என்று மணிமொழி பல்லைக் கடித்தாள். "சும்மா இருடி."

"நவம்பர்ல வந்தப்ப, நீங்க ஒருதரம் அவுத்துக் கட்டுறீங்களான்னு கேட்டேங்க. எங்க அக்கா போட்டது நல்லாத்தான் இருக்குது, எதுக்குன்னுட்டாரு. அவுரு அதத் தொடவே இல்லீங்க."

"அம்மா" என்றார் தனசேகரன் பொறுமையாக. "உங்களுக்காக வந்த சாட்சியையே நீங்க மறுக்கறீங்க. நவம்பர்னு ஒத்துக்கிட்டா உங்களுக்கு என்ன நட்டம்?"

"நவம்பர்னு எழுதினா, ஆடி மாசம் இவங்க அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டவ ஆருங்க? தாலி கட்டாமயே பத்து மாசம் அந்த வூட்டுல இருந்தேன்னு ஆவாதுங்களா? அவுங்களக் கழுவித் தொடச்சவ வேலைக்காரியா? ஊர்ல ஒருத்தரும் அன்னிக்கி அப்புடிச் சொல்லல. நானே கையெழுத்துப் போட்டு எப்புடிங்க சொல்லுவேன்?" அவள் குரல் உயரவில்லை. "அவுரும் மூணு தடவ அதே தேதிதானுங்க எழுதினாரு."

மணிமொழி தலைகுனிந்து நின்றாள். 'என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிட்டாயே' என்ற சினம் அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது.

தனசேகரன் இரண்டு உறுப்பினர்களோடும் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு தாமே எழுதி, எழுதியதைப் படித்தும் காட்டினார். மனுதாரரின் கூற்றும் அவருடைய சாட்சியின் கூற்றும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எனவே முடிவு ஒத்திவைக்கப்படுகிறது. வேறு சான்று இருப்பின் முப்பது நாள்களுக்குள் தாக்கல் செய்யலாம். இல்லையேல் மனு தள்ளுபடியாகும்.

வேறு சான்று இல்லை. கண்ணால் கண்ட பெரியவர்கள் பலர் இறந்துவிட்டார்கள்; எஞ்சியவர்கள் பந்தியில் உண்டதை நினைவு வைத்திருந்தார்களே தவிர, முடிச்சை நினைவு வைத்திருக்கவில்லை. முடிச்சுப் போட்ட கைகள் இரண்டுதான் இருந்தன. அவை இப்போது படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

பேருந்து நிலையம் வரை இருவரும் பத்தடி இடைவெளியில் நடந்தார்கள். வெள்ளிமலை வண்டி நிற்குமிடத்தில் மணிமொழி திரும்பினாள்.

"நூத்தி இருவது புள்ளைங்களுக்கு எவளோ ஒருத்தியக் கெஞ்சி ஆக்கச் சொல்லிட்டு வந்தேன். உனுக்கோசரம் பொய் சொன்னேன். அத்தினி பேரு முன்னால என்னப் பொய்க்காரியாக்கிட்ட."

"நான் பொய் சொல்லச் சொல்லலியே அண்ணி."

"ஆமாம்மா, நீ அரிச்சந்திரி. உன் உண்மையக் கரைச்சிக் குடிச்சிக்கினு கெட."

வேர்க்கடலை விற்பவன் இருவருக்கும் நடுவே தட்டை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வண்டி வர நேரமிருந்தது. ஏசுவதற்கு வேறு சொல் இல்லாமற்போனதும் மணிமொழியின் முகம் மெல்ல மாறியது. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மா கடைசில என்னக் கேட்டாளா?"

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் இதை ஒரு முறையும் கேட்டதில்லை. அன்று கைக்குழந்தையோடு மலையில் இருந்தாள், கணவன் அனுப்பவில்லை, வந்தபோது தாய் இல்லை.

"தெனமும் கேட்டாங்க."

"இன்னா கேட்டா?"

"பேச்சு கொளறும். மணி வந்தாளா, மணி வந்தாளான்னு கேப்பாங்க. வந்துக்கினு இருக்கறாங்கன்னு சொல்லுவேன்."

வண்டி வந்தது. மணிமொழி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வண்டி நிலையத்தை விட்டு வெளியேறும்வரை செவ்வந்தி அங்கேயே நின்றாள். பிறகு தன் வண்டியைத் தேடிப் போனாள்.

முப்பது நாள்கள் கழிந்தன. அவள் எதையும் தாக்கல் செய்யவில்லை. நாற்று நடவுக்குப் போனாள். வேலை இல்லாத நாள்களில் வாசலைப் பெருக்கிவிட்டு உள்ளேயே இருந்தாள். ஒருத்திக்காகச் சமைப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. அளவு தவறிக் கூடுதலாக வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் அதையே உண்டாள். தள்ளுபடிக் கடிதம் எந்நேரமும் வரலாம் என்று எதிர்பார்த்திருந்தாள்.

ஐம்பத்தோராம் நாள் பதிவு அஞ்சல் வந்தது. நான்கு பக்கங்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் அமர்ந்து, விரலை வரியின்மீது நகர்த்திப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

'மேற்படி விசாரணை முடிந்த ஒன்பதாம் நாள், சாட்சி மணிமொழி தாமாகவே இவ்வலுவலகத்தில் தோன்றி, உறுதிமொழி வாக்குமூலம் அளித்தார். தாம் முன்னர்க் கூறியது பொய் எனவும், அதற்கு உரிய நடவடிக்கை எதுவாயினும் ஏற்பதாகவும், 27.1.2002 அன்று மணமகன் இல்லாத நிலையில் மூன்று முடிச்சுகளையும் இட்டவர் தாமே எனவும் தெரிவித்தார். இவ்வழக்கம் தம் உறவினரிடையே உண்டு என்பதற்கு மூன்று குடும்பங்களைப் பெயரிட்டுக் காட்டினார். அவை விசாரித்து உறுதிசெய்யப்பட்டன. தம் தாயாரை இறுதிவரை கவனித்தவர் மனுதாரரே எனவும், தாம் அல்லர் எனவும், அதனையும் எழுதிக்கொள்ளுமாறும் அவர் வேண்டியதன்பேரில் இங்குப் பதிவு செய்யப்படுகிறது.'

நான்காம் பக்கத்தில் மேல்முறையீடு ஏற்கப்பட்டிருந்தது. திருமண நாள் என்ற இடத்தில், சின்னராசு மூன்று முறை எழுதிய அதே தேதி இருந்தது. மணமகன் பணியில் இருந்தார் என்பதை ஒரு குறிப்பாகக் கீழே சேர்த்திருந்தார்கள்.

அவள் இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்தாள். ஒன்பதாம் நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் இராது. விசாரணை நாளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தாள், சனிக்கிழமை வந்தது; அன்று அரை நாள் அலுவலகம் உண்டு. அந்தச் சனிக்கிழமையை அவள் நினைவுகூர்ந்தாள். மழை பெய்தது, வேலை இல்லை, முழு நாளும் இந்த வீட்டில்தான் இருந்தாள். அந்த நேரத்தில் மணிமொழி மலையிலிருந்து இறங்கி, நாற்பத்திரண்டு படிகளையும் தனியே ஏறி, படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, மறுபடி மலைக்குத் திரும்பியிருக்கிறாள். கள்ளக்குறிச்சியிலிருந்து இந்த வீடு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அவள் வரவில்லை.

செவ்வந்தி கைப்பேசியை எடுத்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

"அண்ணி."

மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இன்னா?"

"ஆர்டரு வந்துச்சு."

"ம்."

"நீங்க வந்துட்டுப் போனீங்களாமே. வூட்டுக்கு ஒரு எட்டு வந்திருக்கலாம் இல்ல?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?"

தொலைவில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று செவ்வந்தி நினைத்த நேரத்தில் குரல் மறுபடி வந்தது.

"தேதி இன்னா போட்டிருக்கான்?"

"தை பதினாலுதான்."

"சரி." சற்றுப் பொறுத்து, "புள்ளைங்க தட்ட எடுத்துக்கினு வந்துடுச்சுங்க. வெச்சிடறேன்" என்றாள்.

ஓசை அறுந்தது. செவ்வந்தி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள். ஊரார் களையெடுக்கப் போயிருந்தார்கள். தெருவில் ஆள் இல்லை. நான்கு பக்கங்களையும் அடுக்கி நெகிழி உறையில் இட்டாள். வெள்ளிமலைக்கு நாளைக் காலை முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று யாரிடம் கேட்கலாம் என எண்ணினாள். கேட்கத் தக்கவர் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. விடியுமுன் போய் நிலையத்தில் காத்திருந்தால் எப்படியும் ஒன்று வரும் என்று முடிவுசெய்து, மாற்றுப் புடைவையை எடுத்துத் துணிப்பையில் வைத்தாள்.